மூன்றாவது வாக்கு

ஊர்ச் சங்கமொன்றின் பொதுக்கூட்டத்துக்குப் போய், 'கோரம் இல்லை' என்று கூட்டம் ஒத்திவைக்கப்படக் கேட்டுத் திரும்பிய அனுபவம் நம்மிற் பலருக்கு உண்டு. தலைவர் வந்திருப்பார், செயலாளர் அறிக்கையைக் கையில் வைத்திருப்பார், தேநீர் ஆறிக்கொண்டிருக்கும். ஆயினும் வேண்டிய தொகையினர் கூடாதவரை ஒரு தீர்மானமும் நிறைவேறாது. மனிதர் தமக்கென வகுத்துக்கொண்ட இவ்விதியை உயிரற்ற கணனிகளும் எழுத்துப் பிசகாது கடைப்பிடிக்கும் என்பதை நான் நேரிற் கண்டது 2025 ஆம் ஆண்டு பெப்ரவரி 9 ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை இரவு. அவ்விரவு பட்ட அவதியின் பயனாகவே உள்ளங்கையில் அடங்கும் சிறு கணனியொன்று எங்கள் வீட்டில் மூன்றாவதாக வந்து சேர்ந்தது.

கல்லூரி ஆசிரியன் ஒருவனுடைய வீட்டிலே கணனிகள் இரவும் பகலும் ஓடவேண்டிய அவசியம் என்ன என்று வாசகர்கள் கேட்கக்கூடும். மின்கட்டணப் பட்டியல் வருந்தோறும் என் மனைவியாரும் அதனையே கேட்கின்றார். அதற்கு விடை சொல்வதாயின் இருபது ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆந் திகதி காலையிற் கடல் கரையேறியபோது, இலங்கையிலேயே ஆகக்கூடிய உயிர்களை இழந்த மாவட்டம் எங்கள் அம்பாறை மாவட்டம். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று தொடர்ந்து கிடக்கும் இக்கரையோர ஊர்களிலே பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். தப்பியவர்கள் பின்னாளிற் சேற்றைக் கிளறித் தேடியவற்றுட் காணி உறுதியும் உண்டு, கல்யாணப் படமும் உண்டு. உறுதி தொலைந்தால் அலைந்து திரிந்தேனும் பதிவகத்திற் பிரதி பெறலாம். படத்துக்குப் பிரதி எடுக்க எந்தக் கந்தோருக்குப் போவது?

சில ஆண்டுகளுக்கு முன் மருதமுனையைச் சேர்ந்த நண்பரொருவர் ஒரு கடித உறையோடு என்னைத் தேடி வந்தார். என்னிலும் மூத்தவராதலால் நான் அவரைக் காக்கா என்றே அழைப்பேன். உறையினுள்ளே பழுப்பேறிய படமொன்று இருந்தது. அவருடைய வாப்பா கைத்தறிக்கு அருகிலே நிற்கின்றார். வெளிநாட்டில் இருந்த உறவினரிடம் கிடந்தமையால் அந்த ஒரு படம் மாத்திரம் கடலுக்குத் தப்பியது. "இது ஒண்டுதான் இரிக்கி, சேர். உங்கட பெட்டிக்குள்ள போட்டு வைங்க" என்றார். போட்டு வைத்தேன். செய்தி பரவிற்று. தமிழரும் முஸ்லிம்களுமாக அயலவர் பலர் தத்தம் வீட்டில் எஞ்சியிருந்தவற்றைக் கொண்டுவந்தனர். பாடசாலைக் குழுப்படங்கள், மஞ்சளான பிறப்புச் சான்றிதழ்கள், மணவறைப் படங்கள் ஆகிய எல்லாவற்றையும் ஸ்கான் செய்து சேர்த்தேன். இவற்றோடு பரீட்சைக் கடந்தகால வினாத்தாள்களையும் தொகுத்து வைத்ததனால், மாலை வேளைகளில் மாணவர் எங்கள் விறாந்தையில் அமர்ந்து, டேட்டாவுக்குச் செலவின்றி, வீட்டு வைஃபை மூலம் தத்தம் கைத்தொலைபேசியில் அவற்றை வாசிக்கத் தொடங்கினர். இவ்வாறாக, விளையாட்டாகத் தொடங்கியது பொறுப்பாக மாறியது.

பொறுப்பு வந்ததும் அச்சமும் வந்தது. ஒரே கணனியில் எல்லாம் இருந்து, அது பழுதானால்? ஆகவே அலுவலகமொன்றில் தள்ளுபடியான மேசைக் கணனிகள் இரண்டை வாங்கி, இரண்டையும் ஒரே குடும்பமாக இணைத்தேன். இவ்விணைப்பைக் கொத்தணி என்பர். ஒன்று வீழ்ந்தால் மற்றது அதன் வேலையைத் தன் தோளில் ஏற்கவேண்டும் என்பது நோக்கம்.

ஒரு கணனியின் வேலையை இன்னொரு கணனி ஏற்பது எப்படி? இங்கேதான் மெய்நிகர் இயந்திரம் என்னும் விந்தை உதவுகின்றது. ஒரே நடிகர் ஒரே இரவில் அரசனாகவும் மந்திரியாகவும் வாயிற் காவலனாகவும் வேடம் மாற்றி வருவதை நாட்டுக்கூத்திற் கண்டிருக்கின்றோம். அதுபோல ஓர் உண்மைக் கணனி தன்னுள்ளே பல பொய்க் கணனிகளாக நடிக்கும். ஒவ்வொரு பொய்க் கணனியும் தான் தனித்ததொரு முழுக் கணனி என்றே எண்ணிக்கொண்டிருக்கும். இது நேற்று வந்த வித்தையன்று. அமெரிக்காவில், மசாசூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிறிஜ் நகரில் இருந்த ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுநிலையத்தினர் 1960 களிலேயே இதைச் செய்துகாட்டினர். 1972 இல் அந்நிறுவனம் இதனை வி.எம். 370 என்னும் பெயரில் விற்பனைக்கு விட்டது. அன்று ஓர் அறை முழுவதையும் அடைத்த இயந்திரம் செய்ததை இன்று மேசைக் கணனி செய்கின்றது. பொய்க் கணனி என்பது ஈற்றில் ஒரு கோப்பாதலால், அக்கோப்பின் பிரதி மற்ற இயந்திரத்தில் இருந்துவிட்டால் அங்கேயே அதனை எழுப்பிவிடலாம்.

இதற்கு நான் பயன்படுத்துவது ஒஸ்திரியா நாட்டு வியன்னா நகரிலிருந்து 2008 முதல் வெளிவரும் புரொக்ஸ்மொக்ஸ் என்னும் மென்பொருள். விலையின்றிக் கிடைப்பது, அதன் மூலநிரலையும் யாவரும் பார்க்கலாம். விலையில்லாதது தரமில்லாதது என்று எண்ணற்க. 2004 இன் அழிவுக்குப் பின்னர் காணாமற் போனோரையும் அகதி முகாம்களையும் பதிவுசெய்வதற்கு இலங்கை இளைஞர்கள் சில கிழமைகளுள் உருவாக்கிய 'சஹானா' என்னும் மென்பொருளும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. 2006 ஆம் ஆண்டுக்குரிய சமூகப் பயன்பாட்டு விருதைச் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை அதற்கே வழங்கியது.

நிற்க, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். அன்று முற்பகலிற் பாணந்துறை உப மின்நிலையத்திற் குரங்கொன்று மின்கருவியோடு மோதியதனால் இலங்கை முழுவதும் இருளில் மூழ்கியமை வாசகர்களுக்கு நினைவிருக்கும். எங்கள் கணனிகளும் அணைந்தன. மின்சாரம் மீண்டபோது ஒன்று மாத்திரமே கண் திறந்தது. மற்றதன் பவர் சப்ளை கருகிவிட்டது. போகட்டும், இதற்காகத்தானே இரண்டு வைத்தோம் என்று அமைதியாக இருந்தேன். ஐந்து நிமிடம் சென்றது. பத்து நிமிடம் சென்றது. உயிரோடு இருந்த கணனி ஒரு வேலையையும் தொடங்கவில்லை. பொத்தானை அழுத்தினால், கோரம் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரியைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்தது. கோரந்தான்! மார்ச் மாதத்திற் சாதாரணதரப் பரீட்சை. விறாந்தையில் ஆறேழு பிள்ளைகள் கைத்தொலைபேசியும் கையுமாக, "சேர், வந்துட்டா?" என்று மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தனர்.

கணனியின் மீது சினந்தேன் என்பதை ஒப்புக்கொள்கின்றேன். ஆனால் ஆறுதலாக வாசித்துப் பார்த்தபோது பிழை என்னுடையது என்பது விளங்கிற்று.

கல்முனையிலிருந்து கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசனப் பதிவுக்கு ஊரின் இரு முனைகளிலும் இரண்டு கடைகள் இருக்கின்றன என்க. ஒவ்வோர் ஆசனத்தையும் விற்குமுன் ஒரு கடைக்காரர் மற்றவருக்குத் தொலைபேசியிற் சொல்லிவிடுவார். ஒரு நாள் மற்றவர் பேசவில்லை. கடையைப் பூட்டிவிட்டாரா, அல்லது தொலைபேசிக் கம்பி அறுந்துவிட்டதா? இங்கிருப்பவருக்குத் தெரிய வழியில்லை. பூட்டிவிட்டார் என்று துணிந்து 17 ஆம் இலக்க ஆசனத்தை இவர் விற்க, கம்பி மட்டும் அறுந்த அந்தப் பக்கத்தில் அவரும் இவ்வாறே துணிந்து அதே ஆசனத்தை விற்றால், இரவு பஸ் புறப்படும் வேளையில் என்ன நடக்கும் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. கணனிகளில் இது ஆசனத்தோடு நிற்காது. ஒரே பொய்க் கணனி இரண்டு இடங்களில் எழுந்து, இரண்டும் ஒரே ஏட்டில் வெவ்வேறு கணக்கு எழுதத் தொடங்கும். பொதுவான சேமிப்பகத்தில் அவ்வாறு எழுதினால் ஏடே சிதைந்துபோம். கணனித் துறையினர் இதனை மூளை பிளவுபடுதல் என்று அச்சத்தோடு குறிப்பிடுகின்றனர்.

இதனைத் தவிர்க்கவே பெரும்பான்மை விதி வந்தது. கொத்தணியில் ஒவ்வொரு கணனிக்கும் ஒரு வாக்கு. மொத்த வாக்கிற் பாதிக்கு மேல் தன் பக்கம் இருப்பதாகக் காணும் கூட்டமே செயற்படலாம்; ஏனையோர் கைகட்டி நிற்கவேண்டும். மூவர் இருந்தால் இருவர் போதும். ஐவர் இருந்தால் மூவர் போதும். இருவர் இருந்தால்? இரண்டிற் பாதிக்கு மேல் என்பது இரண்டே. ஒருவர் வீழ்ந்த கணமே மற்றவரும் செயலிழப்பார். அதாவது, ஒன்று போனால் ஒன்று உதவும் என்று எண்ணி நான் செய்த ஏற்பாடு, எது போனாலும் நிற்கும் ஏற்பாடாகவே இருந்தது! ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளை அது நிறுத்தாது என்பது உண்மை. ஆனால் புதிதாக எதையும் எழுப்பாது. அமைப்பில் ஒரு மாற்றத்தையும் ஏற்காது. மின்தடைக்குப் பின் எல்லாமே புதிதாக எழவேண்டியவைதானே.

இதற்கு அவசர வழியொன்று உண்டு. எதிர்பார்க்கும் வாக்கு ஒன்றே எனக் கொள்க என்று உயிரோடுள்ள கணனிக்குக் கையால் ஆணை கொடுக்கலாம். ஆனால் மற்றது மெய்யாகவே அணைந்துவிட்டது என்பதற்கு ஆணையிடுபவரே சாட்சி. நான் கருகிய கணனியின் மின்வயரையும் வலையமைப்பு வயரையும் பிடுங்கி மேசை மீது வைத்துவிட்டே அவ்வாணையைத் தட்டினேன். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் எழுந்தன. பிள்ளைகளும் வீடு செல்லுமுன் ஏதோ சிறிது படித்தார்கள். ஆனால் நான் வீட்டில் இல்லாத நாளில் இது நேர்ந்திருந்தால்?

அடுத்த வாரம், ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திற் பயிலும் பழைய மாணவர் ஒருவர் வந்திருந்தபோது இதனைச் சொன்னேன். மூன்றாவது கணனியும் வாங்கத்தான் வேண்டும் போலும், மின்கட்டணத்தை நினைத்தால் அச்சமாயிருக்கிறது என்றேன். அவர் சிரித்துவிட்டு, "மூன்றாவது ஆளுக்கு வேலை செய்யத் தெரியவேண்டியதில்லை, சேர். வாக்களிக்கத் தெரிந்தாற் போதும்" என்றார். பின்பு தமது செயற்றிட்டமொன்றுக்கு வாங்கி, வேலை முடிந்தபின் மேசை லாச்சியிற் போட்டுவைத்திருந்த றாஸ்பெரி பை ஒன்றை அடுத்த முறை வரும்போது கொண்டுவந்து தந்தார்.

இந்தச் சிறு கணனியைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். இதுவும் ஒரு கேம்பிறிஜிற் பிறந்தது. ஆனால் இது இங்கிலாந்துக் கேம்பிறிஜ். அங்குள்ள பல்கலைக்கழகத்திற் கணனி விஞ்ஞானம் கற்க வரும் மாணவரின் தொகையும் செய்முறைத் திறனும் குன்றிவருவதைக் கண்டு வருந்திய எபன் அப்ரன் முதலியோர், பிள்ளைகள் அச்சமின்றிப் பிரித்துப் பார்க்கத்தக்க மலிவான கணனியொன்றைச் செய்ய எண்ணினர். அது 2012 ஆம் ஆண்டு பெப்ரவரி 29 ஆந் திகதி 35 டொலர் விலைக்கு வெளிவந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கென எண்ணிச் செய்யப்பட்டது உலகெங்கும் பட்டறைகளிலும் தொழிற்சாலைகளிலும் புகுந்து, 2024 இற்குள் ஆறு கோடிக்கு மேல் விற்பனையாயிற்று. எமக்குக் கிடைத்தது 2016 இல் வெளிவந்த மூன்றாம் மாதிரி. 85 மில்லிமீற்றர் நீளம், 56 மில்லிமீற்றர் அகலம். விசிறி இல்லை, ஓசை இல்லை. சும்மா இருக்கும்போது மூன்று வாட் மின்சாரத்துக்கு மேல் உண்பது அரிது. மனைவியாரின் முகம் மலர்ந்தது இந்த இடத்திலேதான்.

இச்சிறியதையும் முழு உறுப்பினராகச் சேர்க்கலாமே என்று முதலில் எண்ணினேன். அஃது இயலாது. மேசைக் கணனிகளின் செயலிக்கும் இதன் செயலிக்கும் மொழி வேறு. அவற்றின் பொய்க் கணனிகளை இதன்மீது ஓட்ட முற்பட்டால் ஒவ்வொரு சொல்லுக்கும் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படும். ஒரு ஜிகாபைட் நினைவகம் அதற்குப் போதவும் மாட்டாது. புரொக்ஸ்மொக்ஸும் இவ்வகைச் செயலிக்கென அதிகாரபூர்வமாக வெளிவருவதில்லை. சரி, வாக்காளரையும் ஒரு பொய்க் கணனியாக்கி அவ்விரண்டில் ஒன்றிலேயே வைத்துவிட்டால் காசு மிச்சமல்லவா என்றேன். "அந்த மெஷின் விழுந்தா சாட்சியும் சேர்ந்து விழும், சேர்" என்றார் மாணவர். ஆசிரியனுக்கு இது முன்னரே தோன்றியிருக்க வேண்டும்.

எங்கள் பகுதியில் வயல்வெளியை வட்டை என்போம். வட்டைக்கு ஒரு விதானை இருப்பார். மேல்வயற்காரனும் கீழ்வயற்காரனும் நீருக்கு வழக்காடும்போது அவர் ஏர் பிடிப்பதுமில்லை, விதைப்பதுமில்லை. இன்றைக்கு நீர் இன்னாருக்கு என்று சொல்வார், அவ்வளவே. அவர் இருவரில் ஒருவரது வீட்டிலே குடியிருந்தால் அவர் சொல்லுக்கு மதிப்பில்லை. எங்கள் சிறு கணனிக்கு இட்ட வேலையும் விதானை வேலையே. இரண்டு பெரிய கணனிகளும் ஒன்றையொன்று காணாதபோது, தன்னோடு பேசக்கூடிய ஒன்றுக்குத் தன் வாக்கைக் கொடுக்கும். இருவரும் பேசினாலும் ஒருவருக்கே கொடுக்கும். மொத்தம் மூன்று வாக்கு. இரண்டு கிடைத்தவர் செயற்படுவார். விதானையே நோயுற்றுப் படுத்தாலும் பெரியவை இரண்டும் ஒன்றையொன்று காணுமளவும் குறையில்லை.

வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது. சிறு கணனியில் லினக்ஸ் இட்டு, வாக்கு வழங்கும் சிறு மென்பொருளைச் சேர்த்தோம். பெரியவை இரண்டிலும் அதற்குரிய துணை மென்பொருளைச் சேர்த்தோம். பின்னர் பெரியதொன்றிலிருந்து ஒரே கட்டளை. வாக்குப் பட்டியலில் இரண்டு மூன்றாயிற்று. வீட்டில் மூன்று பெரிய கணனிகள் ஏற்கெனவே உள்ளவர்கள் இவ்வேலையில் இறங்க வேண்டாம். ஒற்றைப்பட எண்ணிக்கை இருக்கும்போது சாட்சியைச் சேர்த்தால் நன்மையிலும் தொல்லையே மிகும்.

அரை மணி என்றேன். ஆனால் அதன் பின்னர் இரண்டு கிழமை தொல்லைப்பட்டதையும் சொல்லவேண்டும். பழைய கைத்தொலைபேசிச் சார்ஜரைக் கொடுத்தேன்; மின்னழுத்தம் போதாமல், இணைத்துப் பார்த்த திரையின் மூலையில் மின்னல் அடையாளம் தோன்றியது. தரமான சார்ஜர் வாங்கியதும் அது மறைந்தது. இந்த மாதிரியில் மணிக்கூட்டுக்கு மின்கலம் இல்லை. மின்சாரம் போய் வந்தால், இணையத்தைக் கேட்டறியும்வரை, தான் உறங்கப்போன நேரமே இன்னும் நடப்பதாக எண்ணிக்கொண்டிருக்கும். உப்புக்காற்றுக்கு ஒரு வருடத்தில் எங்கள் வீட்டுச் செப்பு முனைகள் பச்சை பூத்துவிடுவதால், அதனை மூடிய பெட்டியொன்றில் வைத்தோம். எல்லாவற்றிலும் பெரிய மடைமை என்னுடையதே. மூன்று கணனிகளையும் யூ.பி.எஸ். இல் இணைத்துவிட்டு, மூன்றையும் ஒன்றோடொன்று தொடுக்கும் சிறு வலையமைப்புச் சுவிட்சைச் சுவரிலே செருகி வைத்திருந்தேன். மின்தடை வந்ததும் மூன்றும் உயிரோடு இருந்தன. ஆனால் மூன்றும் ஊமையாகி, வாக்கு ஒன்றும் எவரையும் சென்றடையவில்லை. வேலைகளைத் தானாக இடம் மாற்றும் ஏற்பாட்டையும் செய்திருந்தமையால், பெரும்பான்மை இழந்த பெரியவை இரண்டும் விதிப்படி தம்மைத் தாமே மறுதொடக்கம் செய்துகொண்டன. சுவிட்சையும் யூ.பி.எஸ். இற்கு மாற்றினேன்.

பின்பு ஒரு சனிக்கிழமை, மாணவர் முன்னிலையில், ஓடிக்கொண்டிருந்த கணனி ஒன்றின் வயரைப் பிடுங்கினேன். வினாத்தாட் பக்கம் உறைந்து நின்றது. ஒரு மாணவி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏறக்குறைய இரண்டு நிமிடத்தில் அதே பக்கம் மற்றக் கணனியிலிருந்து எழுந்தது. யாரும் ஒரு பொத்தானையும் தொடவில்லை.

ஆனால் இதனைக் கண்டு மயங்கிவிடலாகாது. இரு கணனிகளும் பிரதி பரிமாறிக்கொள்வது 15 நிமிடத்துக்கு ஒருமுறை. கடைசிப் பிரதிக்குப் பின் சேர்ந்தவை போனவைதாம். அதனிலும் பெரிய உண்மை, ஓர் அறையில் இருக்கும் மூன்றும் கடலுக்கு ஒன்றே என்பது. நான் ஒரு படத்தைத் தவறுதலாக அழித்தால், அந்த அழிவும் 15 நிமிடத்துள் மற்றதற்குப் பிரதியாகும். 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. அவற்றுள் வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் இருந்தன. அத்தகைய இழப்பு மீண்டும் நேராதிருக்க, 2005 முதல் 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகத்தார் ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் பிரதிசெய்து இணையத்தில் வைத்துவருகின்றனர். எங்கள் சிறு முயற்சிக்கும் இவ்விதி பொருந்தும். ஆகவே மாதந்தோறும் ஹாட் டிஸ்க் ஒன்றிற் பிரதி எடுத்து, கடலினின்று உள்ளே தள்ளி வீரமுனையில் இருக்கும் மைத்துனர் வீட்டு அலுமாரியில் வைக்கின்றேன். அதற்கு வாக்குரிமை இல்லை, வயரும் இல்லை.

அண்மையில் மருதமுனை நண்பர் வந்திருந்தார். வாப்பாவின் படம் எதனுள் இருக்கிறது என்று கேட்டார். இரண்டிலும் இருக்கிறது என்று காட்டினேன். பச்சை விளக்குச் சிமிட்டிக்கொண்டிருந்த சிறிய பெட்டியைச் சுட்டி, "இதுக்குள்ள?" என்றார்.

"இதற்குள் ஒன்றும் இல்லை, காக்கா. அந்த இரண்டில் ஒன்று போனால், மற்றதற்கு, 'நீ தொடங்கு' என்று இது சொல்லும்."

"சொல்லாட்டி?"

"சொல்லாவிட்டால், இருப்பதும் பேசாமல் இருக்கும்."

சிறிது நேரம் அதனையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கிழமை, சாரத் துணியிற் சுற்றிய பழைய ஆல்பமொன்றோடு வந்தார். கொழும்பிலுள்ள அவருடைய சாச்சி வீட்டிற் கிடைத்ததாம். படங்கள் பக்கங்களோடு ஒட்டிப்போயிருந்தமையால் அவற்றைக் கழற்றி ஸ்கான் செய்வதற்கு மூன்று மாலைகள் சென்றன.